‘கிளாமர்’ என்ற ஸ்காட்ஸ் சொல்லும் அதன் இலக்கணப் பிறப்பும்

உங்கள் கேள்வி ஒரே வரியில் இருந்தாலும், அதற்குள் மூன்று செய்திகள் இருக்கின்றன. நம் சினிமா இதழ்களில் அன்றாடம் புழங்கும் ‘கிளாமர்’ ஸ்காட்லாந்தின் பழைய கெல்டிக் சொல் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். அது இலக்கணத்தைக் குறிக்கும் ‘கிராமர்’ என்பதன் திரிபு என்று உங்கள் பேராசிரியர் சொல்லியிருக்கிறார். இல்லை, அது ஐஸ்லாந்துப் பேய் ஒன்றின் பெயர் என்று நண்பர் மறுத்திருக்கிறார். இவற்றுள் எது சரி என்று தெரிந்துகொண்டு, கல்லூரி விழாவில் “இலக்கணமே கவர்ச்சி” என்ற தலைப்பில் பேசலாமா என்பதுதான் உங்கள் தேவை. ஆங்கில மொழி வரலாற்றை முதுகலை வகுப்புகளில் பல ஆண்டுகள் நடத்தியவன் என்ற முறையில், உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்ல முயல்கிறேன். உடனடி விடை வேண்டுமானால் இதுதான்: கெல்டிக் என்பது தவறு, பேராசிரியர் சொன்னது பெரும்பாலும் சரி, நண்பர் சொன்னதை அடியோடு தள்ளிவிட முடியாது.

முதலில் மொழியைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஸ்காட்லாந்தில் ஆங்கிலம் தவிர மரபாக வழங்கிவரும் மொழிகள் இரண்டு. மேட்டுநிலங்களிலும் மேற்குத் தீவுகளிலும் வேரூன்றிய கேலிக், ஐரிஷ் மொழிக்கு நெருங்கிய கெல்டிக் மொழி. தாழ்நிலத்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் அப்படியன்று. அது பழைய ஆங்கிலத்தின் வடக்குக் கிளையிலிருந்து வளர்ந்து, தனக்கென அரசவையும் இலக்கியமும் கண்ட மொழி. அதைத் தனி மொழி என்பதா, ஆங்கிலத்தின் வட்டார வழக்கு என்பதா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். நம் கேள்விக்கு அந்த வழக்கு தேவையில்லை. ‘கிளாமர்’ இந்த ஸ்காட்ஸ் மொழிக்கு உரிய சொல் என்பதும், அங்கிருந்துதான் பொது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது என்பதும் ஐயமில்லாதவை.

அதன் பழைய பொருளும் ஐயத்துக்கு இடமில்லாதது. அழகு, கவர்ச்சி, பகட்டு என்பவற்றுக்கும் ஆதிப் பொருளுக்கும் தொடர்பே இல்லை. அது கண்கட்டு வித்தையைக் குறித்தது. எடின்பரோவில் புத்தகக் கடை நடத்திய கவிஞர் ஆலன் ராம்சே, 1721-இல் வெளியிட்ட தம் கவிதைத் தொகுப்பின் இறுதியில் அருஞ்சொற்பொருள் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார். பேய்களோ மந்திரவாதிகளோ வித்தைக்காரர்களோ பார்ப்பவரின் பார்வையை ஏமாற்றும்போது, அவர் கண்களின்மேல் ‘கிளாமர்’ வீசிவிட்டார்கள் என்று சொல்வது வழக்கம் என அதில் விளக்குகிறார். அச்சில் இந்தச் சொல் நமக்குத் தெளிவாகக் கிடைக்கத் தொடங்குவது ஏறத்தாழ இந்தக் காலத்தில்தான். இதில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. நகரத்து வாசகருக்கு விளக்கம் சொல்லவேண்டிய நாட்டுப்புறச் சொல்லாக அது அப்போதே இருந்திருக்கிறது. அத்துடன், மந்திரம் பாய்வது பொருளின்மேல் அன்று, பார்ப்பவரின் கண்ணின்மேல். கல் கல்லாகவே இருக்கும். உங்களுக்கு மட்டும் அது பொன்னாகத் தெரியும். உருமாற்றும் மந்திரத்துக்கும் கிளாமருக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பழைய வழக்குகள் பெரும்பாலும் பிசகாமல் காக்கின்றன.

அதே ராம்சே பின்னாளில் அச்சிட்ட பாடல் தொகுப்பில் ஜானி ஃபா என்ற நாடோடித் தலைவனைப் பற்றிய கதைப்பாடல் இருக்கிறது. பிரபுவின் வாசலில் வந்து பாடும் நாடோடிகள், கீழே இறங்கிவரும் பிரபுவின் மனைவியின் அழகிய முகத்தைக் கண்டதும் அவள்மேல் கிளாமரை வீசுகிறார்கள். அவள் தன் பகட்டான மேலாடையைக் களைந்துவிட்டு அவர்களோடு போய்விடுகிறாள். இங்கே அழகு இருப்பது அவளிடம். கிளாமர் இருப்பது அவர்களிடம். இன்றைய வழக்குக்கு இது நேர் தலைகீழ் என்பதைப் பாருங்கள். ஃபா என்பது வெறும் கதைப்பெயரும் அன்று. 1540-இல் ஐந்தாம் ஜேம்ஸ் மன்னர் வெளியிட்ட ஆவணம் ஜானி ஃபா என்பவரைச் ‘சின்ன எகிப்தின்’ தலைவராக ஏற்றுப் பேசுகிறது. ரோமா இன நாடோடிகள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று ஐரோப்பியர் நம்பிய காலம் அது. அவர்களிடம் கண்கட்டு வித்தை உண்டு என்ற நம்பிக்கையில் அச்சமும் இனவெறுப்பும் சம அளவில் கலந்திருந்தன என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது.

இந்த நாட்டுப்புறச் சொல்லை உலகறியச் செய்தவர் வால்டர் ஸ்காட். 1805-இல் வெளிவந்து அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த ‘தி லே ஆஃப் தி லாஸ்ட் மின்ஸ்ட்ரல்’ என்ற நெடும்பாட்டில், மெல்ரோஸ் மடத்துக் கல்லறையிலிருந்து ஒரு மந்திர நூலை எடுத்துவருகிறார்கள். குறளி போன்ற ஏவலாள் ஒருவன் அதை வலிந்து திறந்து ஒரே ஒரு சிறு மந்திரத்தை மட்டும் படித்துவிடுகிறான். அந்த மந்திரத்தின் ஆற்றல்தான் கிளாமர். அதனால் என்னென்ன ஆகும் என்று ஸ்காட் வரிசையாகச் சொல்கிறார்: சீமாட்டி ஒரு வீரனாகத் தெரிவாள், பாதாளச் சிறையின் ஒட்டடை அரண்மனைத் திரைச்சீலையாகத் தெரியும், கொட்டையின் ஓடு பொன்முலாம் பூசிய படகாகவும், ஆடு மேய்ப்பவரின் குடிசை மாளிகையாகவும், இளமை முதுமையாகவும், முதுமை இளமையாகவும் தோன்றும், எல்லாம் மயக்கம், எதுவும் மெய்யில்லை. இந்தச் சில வரிகளைவிடச் சிறந்த அகராதி விளக்கம் இச்சொல்லுக்கு இல்லை என்பது என் கருத்து.

அந்தக் கல்லறை யாருடையது என்பதும் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. அது மைக்கேல் ஸ்காட் என்ற மந்திரவாதியுடையதாகப் பாட்டில் வருகிறது. இவர் கவிஞரின் பெயரைப் பகிர்ந்துகொண்ட பழங்காலத்தவர். உண்மையான மைக்கேல் ஸ்காட் 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த அறிஞர். ஸ்பெயினின் டொலேடோ நகரில் அரபு மொழியிலிருந்து அரிஸ்டாட்டிலையும் வானியல் நூல்களையும் இலத்தீனுக்குக் கொண்டுவந்தவர். பேரரசர் இரண்டாம் பிரடெரிக்கின் அவையில் சோதிடராகவும் அறிஞராகவும் இருந்தவர். கணித மேதை ஃபிபொனாச்சி தம் நூலின் திருந்திய பதிப்பை 1228-இல் இவருக்குத்தான் காணிக்கையாக்கினார். ஆனால் இறந்து நூறாண்டு ஆவதற்குள் இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் இவரை நரகத்தில் மந்திரவாதிகளுக்கு நடுவே நிறுத்திவிட்டார். ஸ்காட்லாந்து மக்களோ இவர் ஏவிய பேய்தான் எயில்டன் மலையை மூன்றாகப் பிளந்தது என்று கதை கட்டிவிட்டார்கள். நிறையப் படித்த ஒரு மனிதர் மக்கள் நினைவில் சூனியக்காரராக மாறிய இந்த வரலாறுதான், ‘கிராமர்’ எப்படி ‘கிளாமர்’ ஆகியிருக்க முடியும் என்பதற்கு நல்ல முன்னுரை.

கிரேக்கத்தில் ‘கிரம்மா’ என்றால் எழுத்து. எழுத்தறியும் கலை ‘கிரம்மாட்டிகே’. அது இலத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்கு வந்தபோது, இலத்தீன் மொழிக் கல்வி முழுவதையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இடைக்கால ஐரோப்பாவில் நூல் என்றால் பெரும்பாலும் இலத்தீன் நூல்; அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் திருச்சபையினர்; அந்த நூல்களில் இலக்கணமும் இருக்கும், வானியலும் சோதிடமும் மருத்துவமும் இருக்கும். படிக்கத் தெரியாத குடியானவனுக்கு இவற்றுக்கிடையே வேறுபாடு தெரிய வழியில்லை. புரியாத மொழியில் முணுமுணுத்தபடி ஏட்டைப் புரட்டுகிறவர் எதையும் செய்யக்கூடும் என்று அவன் நம்பியதில் வியப்பில்லை. ஹாம்லெட் நாடகத்தின் முதல் காட்சியில் ஆவி தோன்றியதும், காவலன் மார்செல்லஸ் ஹொரேஷியோவிடம், “நீர் படித்தவர், நீர் அதனோடு பேசும்” என்கிறான். ஆவியை அடக்கப் படைவீரனின் ஈட்டி போதாது, இலத்தீன் தெரிந்தவர் வேண்டும் என்ற நம்பிக்கை 1600-ஐ ஒட்டிய இலண்டன் பார்வையாளருக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்றாக இருந்திருக்கிறது.

மொழியில் இதன் தடயங்கள் உறுதியாகவே இருக்கின்றன. பிரெஞ்சில் இலக்கணத்தைக் குறிக்கும் அதே சொல்லிலிருந்து பிரிந்த ‘கிரிம்வார்’ இன்றும் மந்திரச் சுவடியைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் ‘கிராமரி’ என்ற வடிவம் முதலில் இலக்கணத்தையும் கல்வியையும் குறித்து, 15-ஆம் நூற்றாண்டுக்குள் மாந்திரீகத்தையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே ‘இலக்கணம்’ என்ற சொல் ‘மந்திரம்’ என்ற பொருளைப் பெற்றது என்பது ஊகமன்று, ஆவணங்களில் உள்ள உண்மை. எஞ்சியிருப்பது ஒலி பற்றிய சிக்கல் மட்டுமே: ‘கிரா’ எப்படிக் ‘கிளா’ ஆகும்?

ஒரே சொல்லில் ரகரம் இருமுறை வந்தால், நாக்கு அவற்றுள் ஒன்றை லகரமாக மாற்றிக்கொள்வது ஐரோப்பிய மொழிகளில் நன்கு அறியப்பட்ட போக்கு. நம் வீட்டுத் தரையில் பதிக்கும் மார்பிள், இலத்தீனில் இரண்டு ரகரம் கொண்ட ‘மார்மோர்’. பர்பிள் என்ற நிறப்பெயர் ‘புர்புரா’விலிருந்து வந்தது. இவற்றில் இரண்டாவது ரகரம் மாறியது. யாத்திரிகரைக் குறிக்கும் ‘பில்கிரிம்’ பழைய ‘பெரெக்ரீனுஸ்’ என்பதன் முதல் ரகரத்தை மாற்றிக்கொண்ட சொல். ‘கிராமர்’ முதல் ரகரத்தை மாற்றினால் ‘கிளாமர்’தான். இத்துடன் நின்றிருந்தால் இதை ‘முடியக்கூடியது’ என்று மட்டுமே சொல்வேன். ஆனால் இன்னொரு சான்றும் இருக்கிறது. இடைக்கால கேம்பிரிட்ஜில் இலக்கணப் பள்ளிகளுக்குப் பொறுப்பானவரின் பதவிப்பெயர் இலத்தீனில் ‘மாஜிஸ்டர் குளோமெரியே’. அவருடைய அதிகார எல்லை குறித்து ஈலி ஆயர் ஹியூ டி பால்ஷம் 1276-இல் அளித்த தீர்ப்பில் அந்தப் பெயர் வருகிறது; அவரிடம் படித்த சிறுவர்கள் ‘குளோமெரெல்லி’ எனப்பட்டார்கள். இந்தக் ‘குளோமெரி’ என்பதும் இலக்கணத்தைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் திரிபாகவே கொள்ளப்படுகிறது. அதாவது, இதே சொல்லில் இதே மாற்றம், ஸ்காட்லாந்துடன் தொடர்பில்லாமல், நானூறு ஆண்டுகளுக்கும் மேல் முன்னதாகவே ஒருமுறை நடந்திருக்கிறது. மேடைப் பேச்சுகளில் யாரும் இதைச் சொல்வதில்லை. எனக்கோ இதுதான் மிக வலுவான சான்றாகப் படுகிறது.

அதற்குப் பதிலாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் வரிகளை. ஸ்காட்லாந்தின் பழைய கோட்டைகளையும் இடிபாடுகளையும் வரைந்து குறிப்பெடுக்க வந்த ஃபிரான்சிஸ் குரோஸ் என்ற பருத்த உடல்கொண்ட ஆங்கிலேயரைக் கேலி செய்து, பர்ன்ஸ் 1789-இல் எழுதிய பாட்டு அது. கிளாமரில் வாணிகம் செய்யும் நாடோடிக் கூட்டத்தையும், நரகத்தின் கரிய ‘கிராமரை’க் கரைத்துக் குடித்தவர்களையும் அடுத்தடுத்த வரிகளில் அழைத்து, இரண்டு சொற்களையும் இயைபாக நிறுத்துகிறார். அருமையான இடம்தான். ஆனால் பிறப்புக்கு இது சான்றாகாது. அவர் இரண்டையும் இரு வேறு சொற்களாகவே கையாள்கிறார். இயைபு கிடைத்த மகிழ்ச்சியைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லாமலும் இருக்கலாம். ‘கிராமர்’ என்ற சொல்லே 1789-இல்கூட மாந்திரீக நூல் என்ற வாசனையோடு ஸ்காட்லாந்தில் வழங்கியது என்பதை மட்டும் அது உறுதிப்படுத்துகிறது.

இனி நண்பர் சொன்ன பேய். அவர் கற்பனை செய்யவில்லை. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஐஸ்லாந்து உரைநடைக் காவியமான ‘கிரெட்டிஸ் சாகா’வில் கிளாம் என்ற இடையன் வருகிறான். கிறிஸ்துமஸ் முந்நாளில் நோன்பை மதிக்காமல் உண்டுவிட்டு மேய்ச்சலுக்குப் போனவன், பிணமாகக் கிடைக்கிறான். பின்பு பிணமாகவே எழுந்து பண்ணையைச் சீரழிக்கிறான். கிரெட்டிர் என்ற வீரன் அவனோடு இரவில் மற்போர் செய்து வாசலுக்கு வெளியே வீழ்த்தும் கணத்தில், நிலவை மறைத்திருந்த மேகம் விலகுகிறது. கிளாமின் கண்கள் நிலவை நோக்கி உருள்கின்றன. தன் வாழ்நாளில் தன்னை நடுங்கவைத்த ஒரே காட்சி அதுதான் என்று கிரெட்டிர் பின்னர் சொல்வான். “இந்தக் கண்கள் எப்போதும் உன் முன்னால் நிற்கட்டும்” என்று கிளாம் சபிக்கிறான். அன்று முதல் அந்த மாவீரன் இருட்டுக்கு அஞ்சுகிறான். அதனால்தான், உள்ளதை உள்ளபடி பார்க்காதவர்களைப் பற்றி, ‘கிளாம் அவர்களுக்குக் கண் கடன் கொடுத்திருக்கிறான்’ என்று சொல்வது வழக்காயிற்று என்கிறது அந்தச் சாகா. பொய்த்தோற்றத்துக்கு அதில் ‘கிளாம்சீனி’, அதாவது கிளாமின் பார்வை, என்ற சொல்லும் இருக்கிறது. அந்தச் சாகா எழுதப்பட்ட பழைய நார்ஸ் மொழியை, அதாவது வைக்கிங்குகளும் பேசிய பழைய வட ஐரோப்பிய மொழியை, நான் மொழிபெயர்ப்புகள், அகராதிகள் வழியாக மட்டுமே அறிவேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

பொருளை மட்டும் பார்த்தால் இது ராம்சேயின் விளக்கத்தோடு அச்சாகப் பொருந்துகிறது. இலக்கண வழியைவிடவும் நேராகப் பொருந்துகிறது என்றே சொல்லலாம். பிறகு ஏன் பெரும்பாலான அகராதிகள் இதை ஏற்பதில்லை? முதல் தடை சொல்லின் வால். ‘கிளாம்ர்’ என்ற எழுவாய் வடிவில் கடைசியில் வரும் ரகரம் வேற்றுமை உருபு போன்றது. நார்ஸ் சொற்கள் ஆங்கிலத்துக்கும் ஸ்காட்ஸுக்கும் கடனாக வந்தபோது அந்த ரகரம் பொதுவாக உதிர்ந்துவிட்டது. ஆகவே கிளாமர் என்பதில் உள்ள ‘அர்’ எங்கிருந்து வந்தது என்று இந்தக் கொள்கையால் விளக்க முடிவதில்லை. இரண்டாவது தடை காலம். நார்ஸ் சொற்கள் பெருவாரியாகப் பிரித்தானியாவுக்கு வந்தது வைக்கிங் குடியேற்றக் காலத்தில். 18-ஆம் நூற்றாண்டில் தலைகாட்டும் ஒரு சொல் அவ்வளவு காலம் எழுத்தில் அகப்படாமல் இருந்திருக்க வேண்டும். இருக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். நாட்டுப்புறச் சொற்கள் அப்படி ஒளிந்திருப்பது உண்டு. ஆனால் தோற்றத்தாலும் பொருளாலும் ஒத்திருக்கும் இரு சொற்கள் உறவில்லாமலே இருப்பது மொழிகளில் சர்வ சாதாரணம். ஒரு பக்கம் ஒலியும் பொருளும் ஆவணமும் சேர்ந்து வரும்போது, மறுபக்கம் பொருள் மட்டும் வந்தால், நான் முதல் பக்கத்தில்தான் நிற்பேன். ‘கிராமர்’ வேராக இருக்க, வடக்கத்திய வாய்களில் எங்கோ எஞ்சியிருந்த ‘கிளாம்’ அதன் ஒலியையும் பொருளையும் தன் பக்கம் சாய்த்திருக்கலாம் என்பது எஞ்சும் வாய்ப்பு. அதை மெய்ப்பிக்கவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை.

ஏமாற்று எப்படி அழகாயிற்று என்பது இதைவிட எளிது. வால்டர் ஸ்காட்டின் வாசகர்கள் பேயை நம்பாத காலத்தவர்கள்; அவர்களுக்கு மந்திரம் பொய், அதன் மயக்கம் மட்டுமே சுவை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ஒரு நிலக்காட்சிக்கோ கடந்தகாலத்துக்கோ உள்ள மாயக் கவர்ச்சியைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். நம் சமையலறையில் குக்கரின் பெயராக உட்கார்ந்திருக்கும் ‘பிரஸ்டீஜ்’ என்பதும் இலத்தீனில் செப்படி வித்தையைக் குறித்து, பின் பெருமதிப்பு என்று உயர்ந்த சொல்தான்; ஆகவே இது தனித்த நிகழ்ச்சியன்று. 1930-களில் ஹாலிவுட் நிறுவனங்கள் கிளாமரைத் தம் சரக்காகவே ஆக்கிக்கொண்டன. எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு நடிகையரின் உருவப்படங்களை எடுத்த ஜார்ஜ் ஹரெல், மேலிருந்து விழும் ஒற்றை விளக்கொளியாலும், நெகட்டிவின்மேல் பென்சிலால் செய்த திருத்தங்களாலும் முகச் சுருக்கங்களையும் புள்ளிகளையும் இல்லாமலாக்கினார். இளமை முதுமையாகவும் முதுமை இளமையாகவும் தோன்றும் என்ற ஸ்காட்டின் வரியில் பின்பாதியைத் தொழிலாகவே செய்தவர் அவர். இந்த அமெரிக்கப் பொருள்தான் நம் சினிமா இதழ்களுக்கு வந்து, இங்கே இன்னும் குறுகி, ஆடைக் குறைப்புக்கான நாகரிகப் பெயராகிவிட்டது.

உங்கள் மேடைப் பேச்சுக்கு வருகிறேன். தாராளமாகப் பேசுங்கள், ஆனால் “இலக்கணமே கவர்ச்சி” என்ற தலைப்பு வரலாற்றுக்குப் பொருந்தாது. இலக்கணம் அழகாக இருந்ததால் இந்தச் சொல் பிறக்கவில்லை. படிக்கத் தெரியாதவர்கள் படித்தவர்களைக் கண்டு பயந்ததால் பிறந்தது. “இலக்கணமும் சூனியமும்” என்று மாற்றிவிட்டால் தலைப்பும் சரியாக இருக்கும், கூட்டமும் நிமிர்ந்து உட்காரும். கெல்டிக் என்ற சொல்லை அறவே விட்டுவிடுங்கள். ‘இதன் திரிபு’ என்று அடித்துச் சொல்லாமல் ‘திரிபாகவே அறிஞர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள்’ என்று சொல்லுங்கள். ஐஸ்லாந்துப் பேயைச் சொன்ன நண்பர் அவையில் எழுந்து கேள்வி கேட்டால், பர்ன்ஸைக் காட்டாதீர்கள். கேம்பிரிட்ஜின் 1276-ஐக் காட்டுங்கள். அதற்குப் பிறகு நேரம் மிச்சமிருந்தால் கிரெட்டிரின் கதையை அவரையே சொல்லச் சொல்லுங்கள், அது கேட்கத்தக்க கதை.